மீசை

மாதம் ஒரு நாவல். நூற்றிருபத்தெட்டுப் பக்கம்.
கொழும்பிலிருந்து கிருபைராசா ஐயா போன் எடுத்தால்
சுகம் விசாரிக்க முன்னமே கேட்பார்:
"தங்கச்சி, ஆள் எங்கை பாயிறான்?"

பாய வேண்டும். மூன்றாம் பக்கத்துக்குள்,
எதிலிருந்தாவது எதற்குள்ளாவது.
இதுவரை முப்பத்தொரு பேர்.
ஓடும் லொறியில் தொங்கினார்கள், வெள்ளத்தில் குதித்தார்கள்,
எரிகிற வீட்டுக்குள் புகுந்து
அவளையும் அவளுடைய பூனையையும் தூக்கி வந்தார்கள்.
ஒருவன் கையிலும் துவக்கு இல்லை.
"ஒரு பிஸ்டலாவது" என்று கெஞ்சினார் ஐயா.
நான் பரந்தனில் இருந்து எழுதுகிறேன் ஐயா, என்றேன்.
கொஞ்சநேரம் லைனில் இரைச்சல் மட்டும்.
பிறகு, "சரி, பூனை இருக்கட்டும்."

பாய்ச்சல் எழுதுமுன் நானே பாய்ந்து பார்ப்பேன்.
தண்ணீர்த் தொட்டிக் கட்டில் ஏறி
சட்டையை முழங்காலோடு முடிந்து
ஒன்று, இரண்டு.
இருபத்தாறாவது நாவலில் கணுக்கால் வீங்கிற்று.
வேறு வழியில்லை,
ஐந்தாம் அத்தியாயத்திலிருந்து அவனும் நொண்டினான்.
அதுதான் ஆகக்கூட விற்றது.

நெடுங்கேணியிலிருந்து ஒரு பிள்ளை எழுதியிருந்தது:
"அக்கா, இப்பிடி ஒருத்தன் உண்மையா இருக்கிறானோ?
இருந்தால் விலாசம் அனுப்புங்கோ.
முத்திரையும் வைச்சிருக்கிறன்."

முத்திரையைத் திருப்பி அனுப்பவில்லை.
விலாசத்தையும்.

எதை எழுத, பிள்ளை?
ரயில் கூவக் கூவ
தண்டவாளத்தில் கால் சிக்கிய எருமையை இழுத்தெடுத்தது
கடவையடியில் தேத்தண்ணிக்கடை வைத்திருக்கிற தவமலர்.
வாய்க்காலோடு போன பெடியனை
உடுத்த சேலையோடு பாய்ந்து தூக்கியது
லாண்ட்மாஸ்டர் ஓடுகிற யோகம்மா.
தூக்கிக் கரையில் போட்டுவிட்டு
அவனுக்குக் கன்னத்தில் ஒன்றும் கொடுத்தாள்.
நாவலில் அந்த அறைதான் முத்தம்.
எரிந்த வீட்டையும் பூனையையும் பற்றி
நான் கதைக்க மாட்டேன்.

நான் செய்ததெல்லாம்
மீசை வைத்தது.

இது முப்பத்திரண்டாவது.
பக்கத்து அறையில் வாடகைக்கு இருக்கிறாள் சுகிர்தா.
விடிய ஐந்துக்கு வான் வந்து ஏற்றும்.
முகமாலையில் மிதிவெடி எடுக்கிறாள்.
பின்னேரம் வந்து, முகக்கவசம் நெற்றியில் அழுத்திய கோட்டை
தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்ப்பாள்.
"என்னை எழுதிப்போடாதேங்கோ.
நான் ஓடுறதே இல்லை."

ஒருநாள் குசினி நிலத்தில் காட்டினாள்.
முழங்காலில் இருந்து
பட்டர் கத்தியைச் சீமெந்தில் சாய்த்துப் பிடித்தாள்.
"மேலாலை குத்தக்கூடாது. பக்கத்தாலை வரவேணும்.
மண்ணைக் கேட்டுக் கேட்டு."
ஒரு சாண் நகர முன்னம்
சோறு பொங்கி, வடித்து, ஆறியும் போயிற்று.
மூச்சு விட மறந்திருந்தேன் என்பது
நெஞ்சு நோகத்தான் தெரிந்தது.

ஐயாவுக்கு எப்படிச் சொல்ல?
மூன்றாம் பக்கத்தில் ஆள் முழங்காலில் இருக்கிறான்.
எட்டாம் பக்கத்திலும் அங்கேதான்.
பன்னிரண்டில் ஒரு எறும்பு
அவன் மணிக்கட்டில் ஏறுகிறது.
அதைத் தட்டவா விடவா என்று
எனக்கு இரண்டு இரவு நித்திரையில்லை.

கொப்பியைச் சுகிர்தா ஒரே இரவில் வாசித்தாள்.
"கத்தி பிடிக்கிற விதம் சரி.
மீசைதான்... கவசத்துக்குள்ளை வேர்க்குமே, பாவம்."
பிறகு, தொண்ணூறாம் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு:
"இவன் வந்து சேருமட்டும்
கேற்றடி லைற்றைப் போட்டுவிட்டு நிற்கிறாளே ஒருத்தி,
இந்தப் பெட்டையை எங்கை பிடிச்சனீங்கள்?"

அடுப்பில் ஏதோ இருப்பதுபோல எழுந்து போனேன்.
அடுப்பு மூட்டியிருக்கவில்லை.

வெளியே வான் ஹோர்ன் அடித்தது.
அவள் தொப்பியை எடுத்துக்கொண்டு போனாள்.
விடிந்துவிட்டது,
கேற்றடியில் லைற் இன்னும் எரிகிறது.